சுருட்டை முடியை ஒரு இரவுக்கு மட்டும் நேராக்க வேண்டும். கொழும்புக் காற்றில் சேதமில்லாமல் முடியுமா?

சுருளி_06

தை மாதம் அக்காவுக்குக் கலியாணம். முகூர்த்தத்தன்று கொண்டையும் பூவும் என்பதால் பிரச்சினை இல்லை. அதற்குப் பிறகு வரும் சனிக்கிழமை பம்பலப்பிட்டியில் ரிசப்ஷன். அன்றைக்கு மட்டும் முடியை நேராக விரித்துவிட ஆசை.

என்னுடையது நெருக்கமான சுருட்டை. காய்ந்திருக்கும்போது தோள் மட்டம், ஈரத்தில் இழுத்துப் பிடித்தால் நடு முதுகு. காலி வீதியில் இரண்டு சலூன்களில் விசாரித்தேன். ஒருவர் ரீபாண்டிங் என்கிறார், மற்றவர் கெரட்டின் என்கிறார், இரண்டும் மருந்து பூசி நேராக்குவது. இரண்டு இடத்திலும் "ஒன்றும் ஆகாது, ஆறு மாதத்துக்குக் கவலை இல்லை" என்றார்கள். எனக்கு ஆறு மாதம் வேண்டாமே! ஒரு இரவு போதும். அடுத்த கிழமை என் சுருட்டை எனக்குத் திரும்பவும் வேண்டும்.

வீட்டில் ஐயன் (முடியை நேராக்கும் சூட்டுக் கருவி) பிடித்துப் பார்த்தால், மரைன் டிரைவ் வரை நடந்துவிட்டு வருவதற்குள் எல்லாம் பொங்கி நிற்கிறது. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "சுருட்டைதான் வடிவு, அப்படியே விடு" என்று எழுத வருபவர்களுக்கு முன்கூட்டியே நன்றி. வருடம் முழுக்க அப்படித்தான் விட்டிருக்கிறேன்.

கடல்காத்து_04

முன்கூட்டியே தடை போட்டுவிட்டீர்கள், அதனால் அதை எழுதவில்லை. பள்ளிக்கூடத்தில் "தலையை இழுத்து வாரிக்கொண்டு வா" என்று ஏச்சு வாங்கி வளர்ந்த ஆள் நான். இந்தப் பேச்சு வந்தாலே கொஞ்சம் சூடாகிவிடுவேன், மன்னிக்கவும்.

ரீபாண்டிங் மட்டும் வேண்டாம். என் மச்சாள் செய்துவிட்டு இப்போது மேல் பாதி சுருட்டை, கீழ் பாதி ஈர்க்குக்குச்சி என்று நிற்கிறாள்.

சீப்புக்காரி

சலூனில்தான் வேலை செய்கிறேன், பெயர் கேட்காதீர்கள். கடல்காத்து சொன்னது சரி.

ரீபாண்டிங்கில் நாங்கள் பூசும் கிறீம் பெரும்பாலும் தயோகிளைக்கோலேட். அது முடிக்குள் இருக்கும் கட்டுகளையே உடைக்கும். பிறகு கழுவி, உலர்த்தி, ஐயன் பிடித்து, நேராக இருக்கும் நிலையிலேயே இன்னொரு மருந்தால் திரும்பப் பூட்டுகிறோம். அது வேலை செய்த முடி இனிச் சுருளாது. ஆறு மாதத்தில் தீர்ந்துபோவது மருந்து இல்லை. மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர், அதற்குச் சற்று மேல் என்று வேரிலிருந்து புதுச் சுருட்டை வளர்ந்து வந்து பழையதோடு ஒட்டாமல் நிற்கும். அந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் முடி முறிகிறது. உங்கள் நீளத்துக்குப் பழையபடி முழுச் சுருட்டை வேண்டுமென்றால் சில வருடம் வளர்க்க வேண்டும், அல்லது கட்டையாக வெட்ட வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சோடியம் ஹைட்ரொக்சைட் போட்ட ரிலாக்சர் (அதுவும் ஒரு நேராக்கும் மருந்து) ஏறிய முடியில் தயோகிளைக்கோலேட் பூசக்கூடாது, மாறியும் கூடாது. கழுவும் தொட்டியிலேயே கையோடு வந்துவிடும். "முன்பு என்ன செய்தீர்கள்" என்று கேட்காமல் கிறீம் எடுக்கும் இடத்தில் கதிரையை விட்டு எழும்பி வந்துவிடுங்கள்.

ஒரு நாளைக்கு ஐயன் பிடித்து அனுப்புவதில் சலூனுக்கு வருமானம் குறைவு. ஏன் எல்லோரும் பெரிய வேலையைச் சொல்கிறார்கள் என்று இப்போது விளங்கும்.

வேதியியல்_ரீச்சர்

சீப்புக்காரி சொன்ன "கட்டு" என்பது இரண்டு கந்தக அணுக்கள் கோத்துக்கொள்ளும் டைசல்ஃபைட் பிணைப்பு. முடியின் நிரந்தர வடிவத்தைப் பிடித்து வைப்பதில் பெரிய பங்கு அதற்கு. அதைத் தவிர ஐதரசன் பிணைப்புகள் என்று எண்ணற்ற சின்னப் பிணைப்புகள் இருக்கின்றன. அவை தண்ணீர் பட்டால் விடும், உலர்ந்தால் பிடிக்கும். எந்த வடிவத்தில் உலர்கிறதோ அந்த வடிவத்தில் பிடிக்கும். ட்ரையரும் ஐயனும் விளையாடுவது இந்தச் சின்னப் பிணைப்புகளோடு மட்டும் இருக்கும் வரை சுருட்டைக்கு ஆபத்து இல்லை. மொடமொடவென்று ஐயன் பண்ணிய பருத்திச் சேலை வியர்வையில் துவண்டுபோவதும் இதே கதைதான்; அங்கேயும் ஐதரசன் பிணைப்புத்தான்.

மரைன் டிரைவில் நடந்தது இதுதான். கொழும்பில் காற்றின் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) வருடத்தில் பெரும்பகுதி 24 பாகையை ஒட்டியே நிற்கிறது. அதாவது காற்றிலேயே போதிய தண்ணீர் இருக்கிறது, மழை பெய்யத் தேவையில்லை. கடலோரத்தில் இன்னும் கூட.

உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். மார்கழியில் யாரும் கலியாணம் வைப்பதில்லை, தையில் வைத்திருக்கிறீர்கள். கொழும்பில் ஒப்பீட்டளவில் உலர்ந்த காலம் தையும் மாசியும்தான். இப்போது இந்த ஐப்பசி மழையில் பரீட்சித்துப் பார்த்துவிட்டு மனம் உடையாதீர்கள்.

யாழ்கிணறு

பிள்ளைகளே, இவ்வளவு மருந்துப் பெயர் எதற்கு? செவ்வரத்தம் இலையை வெந்தயத்தோடு அரைத்துத் தலையில் வைத்து முழுகுங்கள். தேங்காய்ப்பாலும் தேசிக்காய்ப் புளியும் கலந்து பூசினால் முடி நேராகும் என்று போனில் வீடியோவும் வந்தது. நாங்கள் அந்தக் காலத்தில் கிணற்றடியில் இதைத்தான் செய்தோம்.

வேதியியல்_ரீச்சர்

அம்மா, செவ்வரத்தைக்கும் வெந்தயத்துக்கும் நான் முழு ஆதரவு. அந்த வழுவழுப்பில் சிக்கு எடுக்க நல்ல சுகம், சீப்பு இழுத்து முறிக்காது. ஆனால் நேராக்காது. தேங்காய்ப்பாலோ தேசிக்காயோ டைசல்ஃபைட்டைத் தொடவே தொடாது. அந்த வீடியோவில் பூச்சுக்குப் பிறகு ட்ரையர் பிடித்திருப்பார்கள், அதைக் காட்டியிருக்க மாட்டார்கள்.

தேங்காய் எண்ணெய் வேறு விஷயம். முழுகுவதற்கு முன் வைக்கும் தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003இல் இந்திய ஆய்வாளர்கள் காட்டினார்கள். சூரியகாந்தி எண்ணெய்க்கும் மினரல் எண்ணெய்க்கும் அந்தக் குணம் தெரியவில்லை. கிணற்றடி ஆக்கள் அந்த விஷயத்தில் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

கிணறு என்றதும் ஞாபகம் வருகிறது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருவது, வன்மை கூடியது. அதில் முழுகினால் முடியில் படிவு நின்று சொரசொரக்கும். கொழும்புக் குழாய்த் தண்ணீர் ஆற்றிலிருந்தும் நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது, மென்மையானது. சுருளி, முகூர்த்தம் ஊரில் என்றால் ரிசப்ஷனுக்கு முன் இங்கே வந்து ஒருமுறை நன்றாக முழுகிவிடுங்கள்.

சுருளி_06

முகூர்த்தம் ஊரில்தான்! நல்ல காலம் சொன்னீர்கள்.

கெரட்டின் பற்றி யாரும் சொல்லவில்லையே? அது கழுவக் கழுவப் போய்விடும், சுருட்டை திரும்பிவிடும் என்றார்கள். அப்படியென்றால் எனக்குப் பொருத்தம் போலத் தெரிகிறது.

சீப்புக்காரி

கழுவக் கழுவக் குறைவது உண்மை. ஆனால் அதை முடியில் ஒட்டவைக்க 230 பாகை அளவில் திரும்பத் திரும்ப ஐயன் இழுக்க வேண்டும். அந்தச் சூட்டிலேயே பலருக்குச் சுருட்டை தளர்ந்துவிடும். அது கழுவினாலும் வராது.

புகை வேறு. கண் எரிந்து தண்ணீர் கொட்டும். வாடிக்கையாளர் வருடத்துக்கு ஓரிரு தரம் மணப்பார், நாங்கள் கிழமைக்குப் பல தரம். நான் இப்போது அந்த வேலை எடுப்பதில்லை, முதலாளியம்மாவோடு முகம் முறிந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

வேதியியல்_ரீச்சர்

அந்தப் புகைதான் முக்கியம். பழைய வகைக் கெரட்டின் கலவைகளில் வேலை செய்வது ஃபோமல்டிஹைட். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் தவளையைப் போட்டுவைக்கும் ஃபோமலின் அதே சாமான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. லேபிளில் 'மெதிலீன் கிளைக்கோல்' என்று இருந்தாலும் அதுவேதான், சூடாக்கினால் வாயுவாக வெளியே வரும். 'ஃபோமல்டிஹைட் இல்லை' என்று எழுதியிருப்பதையும் நம்ப முடியாது. 2010இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அப்படி ஒட்டிய போத்தலைச் சோதித்தபோது உள்ளே ஃபோமல்டிஹைட் இருந்தது.

அதற்கு மாற்று என்று வந்தது கிளையொக்சிலிக் அமிலம். 2024இல் நியூ இங்கிலண்ட் மருத்துவ இதழில் ஒரு கடிதம் வந்தது. 26 வயதுப் பெண் ஒருவருக்கு மூன்று தடவை சிறுநீரகம் திடீரென்று பாதிக்கப்பட்டிருக்கிறது, மூன்று தடவையும் சலூனில் முடி நேராக்கிய பிறகு. பூசிய கிறீமில் 10 வீதம் கிளையொக்சிலிக் அமிலம். அது தோல் வழியாக உள்ளே போய் ஒக்சலேற்றாக மாறி, சிறுநீரகத்தில் பளிங்காகப் படிந்திருக்கலாம் என்பது மருத்துவர்களின் விளக்கம்.

2022இல் வந்த அமெரிக்க ஆய்வையும் சிலர் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். 33,000க்கு மேற்பட்ட பெண்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். இரசாயன நேராக்கிகளை வருடத்தில் நான்கு தடவைக்கு மேல் பாவித்தவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 வீதம், பாவிக்காதவர்களுக்கு 1.64 வீதம். தொடர்பு தெரிகிறது என்பதுதான் அவர்கள் சொன்னது, காரணம் நிறுவப்பட்டது என்றல்ல. ஒரு தடவை செய்தவர்கள் நித்திரை கெடத் தேவையில்லை.

சுருளி_06

சரி, கெரட்டினும் இல்லை. ஐயன்தான்.

சீப்புக்காரி

ஐயன்தான், ஆனால் ஐயன் கடைசி வேலை. எல்லோரும் அதிலிருந்து தொடங்குவதால்தான் முடி போகிறது.

கறுப்பின அமெரிக்கப் பெண்களின் சலூன்களில் 'சில்க் பிரஸ்' என்று ஒரு முறை இருக்கிறது. அவர்களுடைய முடி எங்களுடையதைவிட மிக நெருக்கமான சுருள், அதையே மருந்தில்லாமல் கண்ணாடி மாதிரி நேராக்கி, கழுவியதும் சுருளைத் திரும்ப எடுக்கிறார்கள். அவர்களிடமிருந்து பார்த்துப் படித்ததைத்தான் சொல்கிறேன்.

முதலில் படிவெல்லாம் போகும் ஷாம்பு போட்டுத் தலையைச் சுத்தமாகக் கழுவ வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கோ ஜெல்லோ மிச்சம் இருந்தால் சூட்டில் அது முடியில் பொரியும். பிறகு கண்டிஷனரை நிறையப் போட்டு, கண்டிஷனரோடேயே சிக்கு எடுங்கள், நுனியிலிருந்து மேலே. அலசிவிட்டு, துவாயால் தேய்க்காமல் பழைய ரீசேட்டால் ஒற்றி எடுங்கள். சூடு தாங்கும் சீரம் பூசுங்கள். சிலிக்கோன் உள்ளதே நல்லது, டைமெதிக்கோன் என்று இருக்கும். கிளிசரின் முன்வரிசையில் இருக்கும் கிறீம்களை அன்றைக்குத் தொடாதீர்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், கொழும்பில் அது வேண்டவே வேண்டாம்.

அடுத்தது ட்ரையர். பாதி நேரம் இதற்குத்தான் போக வேண்டும். சின்னச் சின்னப் பகுதியாகப் பிரித்து, சீப்பால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, வேரிலிருந்து நுனிக்குக் காற்றுப் போகிற மாதிரிப் பிடியுங்கள். ட்ரையரிலேயே எண்பது வீதம் நேராகிவிட வேண்டும். துளி ஈரமும் இருக்கக்கூடாது. ஐயன் வைக்கும்போது 'ஸ்ஸ்' என்று சத்தம் கேட்டால், ஆவி பறந்தால், நிறுத்துங்கள்.

அதற்குப் பிறகுதான் ஐயன். உங்கள் சீப்பின் பற்களுக்கிடையில் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெல்லிய பகுதி. சீப்பு முன்னே, ஐயன் பின்னே, ஒரே வேகம், ஒரே தடவை. 180 பாகை.

கடல்காத்து_04

180 அதிகம் இல்லையா? 150இல் இரண்டு மூன்று தரம் இழுத்தால் பாதுகாப்பு என்று படித்திருக்கிறேன்.

சீப்புக்காரி

மெல்லிய முடிக்கும் சாயம் போட்டதற்கும் 150. சுருளியுடையது தடித்த சுருட்டை என்று நினைக்கிறேன். 150இல் நேராகாமல் ஐந்து தரம் இழுப்பார், அந்த ஐந்தும் சேர்ந்து ஒரு 180ஐவிட மோசம். கையில் அனுபவம்.

வேதியியல்_ரீச்சர்

இரண்டு பேரிடமும் நியாயம் இருக்கிறது, ஆனால் எண்ணைவிட ஈரம்தான் தீர்மானிக்கிறது. நன்றாக உலர்ந்த முடியின் புரதக் கட்டமைப்பு 200 பாகைக்கு மேல் வரை தாக்குப்பிடிக்கும். ஈர முடியில் அது 150ஐ ஒட்டியே குலையத் தொடங்கிவிடும். அதற்கு முன்பே உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வழி கிடைக்காமல் முடியின் உள்ளே குமிழ் விடும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் துளை துளையாகத் தெரியும், அந்த இடத்தில் முறியும். அந்த 'ஸ்ஸ்' சத்தம் அதுதான். என் கணக்கில் 185க்கு மேல் வீட்டில் யாருக்கும் தேவை இல்லை.

ட்ரையருக்குப் பயப்பட வேண்டாம். 2011இல் ஒரு கொரிய ஆய்வு: 15 சென்ரிமீற்றர் தூரத்தில் கையை அசைத்துக்கொண்டே பிடித்த முடி, தானாகக் காயவிட்ட முடியைவிட மொத்தத்தில் குறைவாகச் சேதப்பட்டது. நெடுநேரம் நனைந்தே கிடந்தால் முடி ஊதி, உள்ளே செதில்களை ஒட்டிவைக்கும் படலம் பாதிக்கிறது என்பது அவர்களின் ஊகம். கிட்டக் கொண்டுபோய்ச் சூட்டைக் கூட்டினால் மேற்பரப்பு போகும், அது வேறு.

ஐயனுக்கு முன் 'பளபளப்புக்கு' என்று தேங்காய் எண்ணெய் தடவுவதையும் விட்டுவிடுங்கள். சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய் 177 பாகை அளவில் புகைக்கத் தொடங்கும். எண்ணெய் முழுகுவதற்கு முன்பு, ஐயனுக்கு முன்பல்ல.

பியூஸ்போனவன்

முடி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தங்கச்சியின் போனில் இந்த இழையைப் பார்த்தேன். ஐயனும் ட்ரையரும் கனடாவிலிருந்து மாமி கொண்டுவந்ததா? அங்கே 120 வோல்ட், இங்கே 230. பின்பக்கம் '100–240' என்று இருந்தால் பிளக்கை மாற்றிப் போடலாம். ஐயன்களில் அப்படி நிறைய உண்டு. ட்ரையரில் பெரும்பாலும் '120' மட்டும்தான் இருக்கும். அதை இங்கே சொருகினால் கிட்டத்தட்ட நாலு மடங்கு சக்தி இழுக்கும், சில செக்கன் வேலை. 'கன்வேர்ட்டர்' என்று விற்கும் சின்னப் பெட்டிகள் 1,800 வாட் ட்ரையருக்குக் காணாது.

எண் காட்டாத மலிவு ஐயன்களையும் நம்பாதீர்கள். அது 160ஆ 220ஆ என்று உங்களுக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது.

சுருளி_06

என் ட்ரையர் சரியாக மாமி கொண்டுவந்ததுதான், இன்னும் பெட்டி பிரிக்கவில்லை. '120' மட்டும்தான் போட்டிருக்கிறது. கோடி நன்றி அண்ணா.

தெமட்டகொட_மல்லிகை

நான் ஹிஜாப் அணிவதால் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். பெண்கள் மட்டும் வரும் விசேஷங்களுக்கு முடி நேராக்குவேன். நேராக்குவது பெரிதில்லை, மண்டபம் போய்ச் சேரும் வரை காப்பாற்றுவதுதான் வேலை. பருத்தி உள்தொப்பி வியர்வையை உறிஞ்சி முடிக்கே திரும்பக் கொடுக்கும், உரசியும் கெடுக்கும். வழுவழுப்பான சட்டின் (satin) துணியில் உள்தொப்பி தைத்துக்கொண்டேன். புறக்கோட்டையில் துணி மலிவு, ஒரு மீற்றர் வாங்கினால் தலையணை உறைக்கும் மிஞ்சும்.

இரவு படுக்கும்போது முடியைத் தலையைச் சுற்றித் தட்டையாக, ஒரே திசையில் சீவிச் சுற்றி, சட்டின் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். காலையில் அவிழ்த்தால் ஐயன் தொடாமலேயே நேராக விழும். ஐயன் பிடித்ததற்கு அடுத்த நாளும் திரும்பப் பிடிப்பதுதான் பலருடைய முடியைக் கெடுக்கிறது.

கடல்காத்து_04

சூடே வேண்டாம் என்றால் ஒன்று உண்டு. நைஜீரியாவில் முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வேரிலிருந்து நுனி வரை நூல் சுற்றி இறுக்கி வைப்பார்கள். அவிழ்த்தால் சுருள் நன்றாக நீண்டிருக்கும். நான் தையல் நூலுக்குப் பதிலாகத் துணி சுற்றிய மெல்லிய ரப்பர் வளையங்களை அங்குல இடைவெளியில் போட்டு, ஃபேனடியில் காயவைக்கிறேன். கண்ணாடி நேர் வராது, ஆனால் பெரிய அலையாக இறங்கும். ட்ரையருக்கு முன் இதைச் செய்தால் ட்ரையர் நேரமும் பாதி. வேரில் மட்டும் இறுக்கிவிடாதீர்கள், நெற்றி ஓரத்து முடி போய்விடும்.

பார்த்தீர்களா, சுருட்டைக் கட்சிக்காரியே உதவி செய்கிறேன்.

சுருளி_06

ஒத்திகை பார்த்தாயிற்று. இங்கே வாங்கிய ட்ரையர், கடல்காத்துவின் வளையம், 180இல் ஒரே இழுப்பு. வெளியே அடை மழை, இருந்தும் இரவு வரை நின்றது. சட்டின் துணி கட்டிப் படுத்ததில் அடுத்த நாளும் பரவாயில்லை. பிறகு முழுகினேன், பின்பக்கம் பழையபடி சுருண்டுவிட்டது.

ஆனால் முன்பக்கம் காதோரத்தில் இரண்டு கற்றை மட்டும் அரைகுறையாக வளைந்து நிற்கிறது. அது திரும்புமா?

வேதியியல்_ரீச்சர்

அந்தக் கற்றையை நன்றாக நனைத்து, கண்டிஷனர் போட்டு, கையால் கசக்கிவிட்டுப் பாருங்கள். ஈரத்தில் சுருண்டால் சீரம் மிச்சம் நிற்கிறது, ஒரு நல்ல ஷாம்புவில் போய்விடும். ஈரத்திலும் நேராகவே தொங்கினால் சூட்டில் புரதம் குலைந்துவிட்டது. அதற்கு எந்தப் போத்தலும் மருந்தில்லை, வளரத்தான் வேண்டும்.

சுருளி_06

ஈரத்தில் சுருளுகிறது! கொஞ்சம் சோம்பலாக, ஆனால் சுருளுகிறது.

சீப்புக்காரி

அப்போ தப்பித்தீர்கள். காதோர முடி மற்றதைவிட மெல்லிது. ரிசப்ஷன் அன்று அங்கே மட்டும் 150, அதுவும் கடைசியில், ஐயன் ஆறிய பிறகு. அதுவரைக்கும் இனி ஒத்திகை வேண்டாம்.

வெள்ளி பின்னேரம் முழுகி ட்ரையர் பிடியுங்கள், சுற்றிக் கட்டிப் படுங்கள், சனி மத்தியானம் ஐயன். அதற்குப் பிறகு குளிக்கப் போகாதீர்கள், குளியலறை நீராவியே போதும் கெடுக்க. மண்டபத்தில் போட்டோவுக்கு வெளியே கூப்பிட்டால் சீக்கிரம் எடுத்துக்கொண்டு ஏசிக்குள் வந்துவிடுங்கள். கழுத்தடியில் பொங்கினால் ஐயன் தேடாமல் பாதியை எடுத்துக் கிளிப் குத்திவிடுங்கள், யாருக்கும் தெரியாது.

தெமட்டகொட_மல்லிகை

சாயம் போட்ட முடிக்கும் இதே கணக்கா? மருதாணி இல்லை, கடைச் சாயம்.

சீப்புக்காரி

கடைச் சாயம் என்றால் 150க்கு மேல் ஏற்றாதீர்கள் சகோதரி. நேராகாத இடத்தை அப்படியே விட்டு நுனியை மட்டும் உள்ளே வளைத்துவிடுங்கள். வெளுக்கவைத்த முடி என்றால் ஐயனே வேண்டாம், வளையமும் ஃபேனும்தான்.